சுரங்கத்து பக்கெட், நிரலின் பக்கெட்

நிரல் எழுதுவோர் 'பக்கெட்' என்று சொல்லும்போது, ஒரே விதிப்படி ஓரிடத்துக்கு வந்து சேர்ந்த தரவுகளின் கூட்டத்தைக் குறிக்கிறார்கள். எந்தத் தரவு எந்த பக்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதை விதி சொல்லிவிடும். உள்ளே போனபின் எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்பதில் அந்த விதி தலையிடாது. தேடும்போதும் அப்படித்தான். முதலில் சரியான பக்கெட்டுக்குப் போக வேண்டும். பிறகு அதற்குள் இருக்கும் சிலவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லட்சம் பெயர்களைத் துழாவ வேண்டிய வேலை நாலைந்து பெயர்களைப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்து 1990களின் பிற்பகுதியில் சி மொழி படிக்கப் போன பிள்ளைகளுக்கு இந்தச் சொல் புதியதாக இல்லை. கறுப்புத் திரையில் டர்போ சி ஓடிய காலம் அது. வகுப்பில், தரவுகளை இப்படி விதிப்படி பிரித்து வைக்கும் ஹாஷ் டேபிள் பாடம் வந்து, கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கெட் என்று ஆசிரியர் சொன்னபோது, மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளியலறை பக்கெட் நினைவுக்கு வந்திருக்கும். சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது வேறு. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு பக்கெட்டுல களிமண்ணு அப்பிக்கிச்சு, மெஷின் ரொம்ப நேரம் நின்னுபோச்சு" என்று சொல்லும் வீடு அது. மழைக்காலத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். பக்கெட்டின் பல் தேய்ந்தது, பல் மாற்றினார்கள், பெல்ட் கிழிந்தது என்பதெல்லாம் சோற்றோடு சேர்ந்து காதில் விழுந்த செய்திகள்.

அந்த பக்கெட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956இல் உருவாகி, 1957இல் சுரங்க வேலை தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. கரிப் படுகையின் மேல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான கனத்தில் கடலூர் மணற்பாறையும் களிமண்ணும் கிடக்கின்றன. இந்த மேல்மண்ணை ஊரில் எல்லோரும் ஓவர்பர்டன் என்றே சொல்வார்கள். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் ஓவர்பர்டனை அகற்ற வேண்டும். அதற்காக ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் வந்தவைதான் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள். நீண்ட கையின் நுனியில் ஒரு பெரிய சக்கரம்; சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வரிசையாக பக்கெட்டுகள்; ஒவ்வொன்றின் வாயிலும் எஃகுப் பற்கள். சக்கரம் சுழலச் சுழல, கீழே இருக்கும் பக்கெட் மண்சுவரைக் கடித்து நிரம்பும், மேலே ஏறும், உச்சியில் கவிழ்ந்து பெல்ட்டில் கொட்டும், காலியாக இறங்கி மறுபடி கடிக்கும். பெல்ட்டில் போகும் மண் ஸ்ப்ரெடர் வழியாக ஏற்கெனவே கரி எடுத்து முடித்த பள்ளத்தை நிரப்பும். கரி தெர்மலுக்கு, அதாவது அனல்மின் நிலையத்துக்குப் போகும். இந்த இயந்திரங்களை வகைப்படுத்துவதே பக்கெட்டின் கொள்ளளவை வைத்துத்தான்: 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர்.

கணினியிலும் இந்தச் சொல் கொள்ளளவை வைத்தே தொடங்கியது. 1950களில் நினைவகம் விலை உயர்ந்தது, சிறியது. பெரிய பட்டியல்கள் காந்த உருளையிலோ வட்டிலோ இருந்தன. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் 305 இயந்திரத்தில் ஐம்பது வட்டுகள் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளை வைத்துக்கொண்டன. வட்டில் ஓரிடத்துக்குப் போவதற்குத்தான் நேரம் ஆகும். போய்விட்டால், அந்த இடத்தில் இருக்கும் சில பதிவுகளை ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்படி ஒரே மூச்சில் படிக்கக்கூடிய இடத்தை, அதாவது ஐந்து பதிவோ பத்துப் பதிவோ கொள்ளும் இடத்தை, பக்கெட் என்றார்கள். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 ஜனவரியில் எழுதிய உள் குறிப்பொன்றில் இந்த யோசனை இருக்கிறது. தேடும் எண்ணையே ஒரு கணக்குக்கு உட்படுத்து; வரும் விடைதான் பக்கெட்டின் எண்; பதிவை அங்கே போடு, அங்கேயே தேடு. 1956இல் அர்னால்ட் டூமி இதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 1957இல் வெஸ்லி பீட்டர்சன், பக்கெட்டின் அளவைக் கூட்டினால் குறைத்தால் தேடும் வேலை எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அச்சில் 'ஹாஷ்' என்ற பெயர் நிலைபெற்றது ராபர்ட் மாரிஸின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகுதான். பக்கெட் அதைவிட மூத்த சொல்.

கணக்கு எளிது. எட்டு பக்கெட்டுகள் இருக்கின்றன, 0 முதல் 7 வரை எண்ணிட்டவை. ஊழியர் எண் 41210 வருகிறது. எட்டால் வகுத்தால் மீதி 2; ஆகவே அது இரண்டாம் எண் பக்கெட்டுக்குப் போகும். 41207 வருகிறது, மீதி 7. அடுத்து 41215 வருகிறது. அதற்கும் மீதி 7. ஏழாம் எண் பக்கெட்டில் இப்போது இரண்டு பேர். மூன்று பேர் வந்ததுமே ஒரே இடத்தில் இருவர் மோதிக்கொண்டார்கள். இதற்கு கொலிஷன் என்று பெயர்.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வந்தது. அதற்குக் காரணமும் அந்தச் சக்கரம்தான். சக்கரத்தில் பக்கெட்டுகள் வரிசையாக நிரம்பும். முதலாவதுக்குப் பின் இரண்டாவது, இரண்டாவதுக்குப் பின் மூன்றாவது. எந்த மண் எந்த பக்கெட்டில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மண் எப்படியும் பெல்ட்டுக்குத்தான் போகப்போகிறது. நிரலில் நிலைமை வேறு. போட்டதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆகவே பக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது வரிசை அல்ல, தரவுதான். ஒரு பக்கெட்டில் ஐந்து பேர் நெருக்கியடிக்க, பக்கத்து பக்கெட் காலியாகவே கிடக்கலாம். கரும்பலகையில் அதைப் பார்த்து, "சார், மூணாவது காலியாத்தானே இருக்கு, அதுல போட்டா என்ன?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும். வகுப்பு சிரிக்கும். சிரித்திருக்கக் கூடாது. கணினித் துறையில் இருந்தவர்கள் 1950களிலேயே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

1954 வாக்கில் ஐ.பி.எம். 701 இயந்திரத்துக்கு அசெம்பிளர் எழுதிய குழுவில் இருந்த ஜீன் அம்டாலும் அவருடைய சகாக்களும் செய்தது ஏறக்குறைய இதைத்தான். விதி காட்டும் இடம் நிரம்பியிருந்தால், அடுத்த இடத்தைப் பார். அதுவும் நிரம்பியிருந்தால் அதற்கடுத்தது. காலி கிடைத்ததும் வைத்துவிடு. தேடும்போதும் அதே வழியில் நடந்துபோ. வேண்டியது கிடைத்தால் நில், காலியிடம் வந்தால் இல்லை என்று முடிவு செய். இதை நேர்த் துழாவல் என்று சொல்லலாம். வகுப்பில் லீனியர் ப்ரோபிங் என்பார்கள். டொனால்ட் க்னூத் 1963இல் இந்த முறையின் செலவைக் கணக்கிட்டார். கடைசி பெஞ்சுக் கேள்விக்கு முழுப் பதில் இந்த முறையின் தொல்லைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிரம்பிய இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக வளரும். கூட்டம் பெரிதானால் அதில் வந்து மோதுபவர்களும் கூடுவார்கள், அதனால் அது இன்னும் பெரிதாகும். நடுவில் ஒருவரை நீக்கிவிட்டால் இன்னொரு சிக்கல். அந்த இடம் காலியாகத் தெரியும். அவருக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டவரைத் தேடி வரும் நிரல் காலியைக் கண்டு, அவர் இல்லை என்று திரும்பிவிடும். ஆகவே நீக்கிய இடத்தில் 'இங்கே ஒருவர் இருந்தார்' என்று ஓர் அடையாளம் வைக்க வேண்டும்.

மற்றொரு வழி, பக்கெட்டின் அளவுக்கு வரம்பு வைக்காமல் விடுவது. ஏழாம் எண் பக்கெட்டில் முதல் ஆளோடு ஒரு சுட்டியைக் கட்டி, அதன் நுனியில் இரண்டாவது ஆள், அவரோடு மூன்றாவது ஆள் என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம். லூனின் குறிப்பிலேயே இந்தச் சங்கிலி இருக்கிறது. இன்றைய நிரல்மொழிகள் பலவற்றில் பக்கெட் என்றால் மனத்தில் வருவது இந்த உருவம்தான். கவனிக்க வேண்டியது, சொல்லின் பொருள் இங்கே நகர்ந்துவிட்டது. வட்டில் இருந்த பக்கெட் 700 லிட்டர் பக்கெட்டைப் போல அளவு தெரிந்தது. நிரம்பினால் வழியும், வழிந்ததற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். சங்கிலி பக்கெட் நிரம்புவதே இல்லை. கொள்ளளவு போய், விதி மட்டும் மிஞ்சியது. அந்த நகர்வைச் சொல்லித் தராததால்தான் பல மாணவர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் பக்கெட் வேறு வேறாகத் தெரிகிறதே என்று திணறுகிறார்கள். ஒரே பதிவு கொள்ளும் இடத்துக்கு ஸ்லாட் என்ற பெயரையும், பல பதிவுகள் சேரும் இடத்துக்கு பக்கெட் என்ற பெயரையும் வைத்துக்கொண்டால் திணறல் பாதி குறையும்.

கொலிஷனைத் தவிர்க்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. 365 பக்கெட்டுகள் இருந்தாலும், 23 தரவுகள் வந்ததுமே எங்காவது இரண்டு ஒன்றாக விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். ஒரு வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வருவதும் இதே கணக்கு. 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வரும் என்பதுதான் அதற்குக் காரணம். தவிர்ப்பதைவிட, மோதல் எவ்வளவு இருந்தால் தாங்கலாம் என்று அளப்பதே பயன் தரும்.

அதை அளக்கும் எண்ணுக்கும் நெய்வேலிக்குப் பழக்கமான பெயர்: லோடு ஃபேக்டர். நகரியத்தில் இது பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்த சொல், ஏனென்றால் அனல்மின் நிலையத்தின் பி.எல்.எஃப்., அதாவது பிளான்ட் லோடு ஃபேக்டர், எவ்வளவு என்பது வீட்டுப் பேச்சு. 210 மெகாவாட் யூனிட் ஒன்று 24 மணி நேரமும் முழுத்திறனில் ஓடினால் 50 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் மின்சாரம் வரும். அன்று 42 லட்சம்தான் வந்தது என்றால் லோடு ஃபேக்டர் 83 சதவீதம். நிரலில், உள்ளே இருக்கும் தரவுகளின் எண்ணிக்கையை பக்கெட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது லோடு ஃபேக்டர். 16 பக்கெட்டில் 12 பேர் என்றால் 0.75. பெயர் ஒன்று, ஆனால் ஆசை நேர் எதிர். மின் நிலையத்தில் அது 100ஐ நெருங்க நெருங்க மகிழ்ச்சி. ஹாஷ் டேபிளில் அது ஏற ஏறத் தேடல் மந்தமாகும். நேர்த் துழாவலில் 1ஐ நெருங்கும்போது வேகம் சரிந்துபோகும். சங்கிலி முறையில் 1ஐத் தாண்டியும் ஓடும், சங்கிலிகள்தான் நீளும். பி.எல்.எஃப். கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நிறைய நிரம்பினால்தானே நல்லது என்று எண்ணியதில் வியப்பில்லை. நினைவகத்தை வீணாக்காமல் இருப்பது ஒரு பக்கம், வேகம் இன்னொரு பக்கம் என்று புரிந்த பிறகுதான் பாதியளவு காலியாகக் கிடக்கும் பட்டியலை அவர்கள் மனம் ஏற்றுக்கொண்டது.

ஜாவா மொழியின் ஹாஷ்மேப் 16 பக்கெட்டுகளோடு தொடங்குகிறது; அதன் வரம்பு 0.75. பதின்மூன்றாவது தரவு வந்ததும் பக்கெட்டுகளை 32 ஆக்கிக்கொள்ளும். எண்ணிக்கை மாறினால் மீதியும் மாறும், ஆகவே உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் இடம் மறுபடி பார்க்கப்படும். முன்பு சொன்ன எட்டு பக்கெட்டை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம். 41207ஐப் பதினாறால் வகுத்தால் மீதி 7, அது இருந்த இடத்திலேயே இருக்கும். 41215க்கு மீதி 15. அது எட்டு இடம் தள்ளிப் போய்விடும். மோதல் தீர்ந்தது. இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான்: பழைய இடம், அல்லது பழைய இடத்தோடு பழைய பக்கெட் எண்ணிக்கையைக் கூட்டிய இடம். இந்த ஒழுங்கின் அழகை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஹாஷ் டேபிள் மேல் பயம் போய்விடும்.

எண்களே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் பக்கெட்டுகளும் சாயும். எல்லா எண்களும் பூஜ்யத்தில் முடிந்து, பக்கெட்டும் பத்தாக இருந்தால், அத்தனை பேரும் பூஜ்யம் எண் பக்கெட்டில்தான். ஏழு என்றோ பதினொன்று என்றோ பகா எண்ணாக வைத்தால் பரவுவார்கள். அல்லது வகுப்பதற்கு முன்பே எண்ணை நன்றாகக் கலக்கிவிடும் சார்பு வேண்டும்.

யாராவது வேண்டுமென்றே சாய்த்தால்? ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் என்ற இருவர் 2003இல் இந்த ஆபத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். எந்தச் சார்பு பயன்படுகிறது என்று தெரிந்தால், ஒரே பக்கெட்டில் விழும் பெயர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். 65,000 பெயர்கள் அப்படி வந்தால், ஒவ்வொருவரும் முன்னால் நிற்கும் எல்லோரையும் பார்த்தபின்தான் சேர முடியும். ஏறத்தாழ 211 கோடி ஒப்பீடுகள். ஒழுங்காகப் பரவியிருந்தால் அது சில பத்தாயிரங்களில் முடிந்திருக்கும். எச்சரிக்கை எட்டு ஆண்டுகள் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பது வருத்தத்துக்குரியது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் பி.எச்.பி., ஜாவா, பைத்தான் முதலிய பல மொழிகளில் எழுதிய சர்வர்களை இப்படி முடக்க முடியும் என்று காட்டியபின் வேலை வேகமெடுத்தது. 2012இல் வந்த பைத்தான் 3.3 ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஹாஷ் கணக்கில் புதிதாக ஓர் இரகசிய எண்ணைக் கலந்துகொள்ளும்படி மாறியது. 2014இல் வந்த ஜாவா 8, ஒரு பக்கெட்டின் சங்கிலி எட்டைத் தாண்டி நீண்டால், பட்டியலும் போதிய அளவு பெரிதாக இருந்தால், சங்கிலியைச் சமநிலை மரமாக மாற்றிக்கொள்கிறது.

ஹாஷ் டேபிளுக்கு வெளியிலும் பக்கெட் புழங்குகிறது. அளவீடுகளை இடைவெளிகளாகப் பிரித்து எண்ணும்போது ஒவ்வொரு இடைவெளியும் ஒரு பக்கெட். நெய்வேலிக் கரியின் எரிவெப்பம் பெரும்பாலும் கிலோவுக்கு 2400 முதல் 2800 கிலோகலோரி வரை இருக்கும். மாதிரிகளை நூறு நூறாகப் பிரித்தால் நான்கு பக்கெட்டுகள். சரியாக 2500 வந்த மாதிரி எதில் சேரும்? கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள், மேல் எல்லையை விட்டுவிடு என்பதே நிரல்களில் வழக்கமான ஏற்பாடு. இதை எழுதி வைக்காமல் போனால் இரண்டு அறிக்கைகள் இரண்டு எண்ணிக்கை காட்டும்.

பிணையத்தில் வரும் லீக்கி பக்கெட் வேறு சாதி. ஜொனாதன் டர்னர் 1986இல் முன்வைத்தது. வேகமாக வந்து விழும் செய்திகள் ஒரு பக்கெட்டில் சேர்ந்து, அடியில் உள்ள ஓட்டை வழியே சீரான வேகத்தில் வெளியேறும். நிரம்பினால் மிகுதி வழிந்து போகும். அதன் உறவான டோக்கன் பக்கெட்டில் குறிப்பிட்ட வேகத்தில் டோக்கன்கள் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டுதான் போக முடியும். கொள்ளளவு 50, நொடிக்கு 10 டோக்கன் என்றால், சற்று நேரம் சும்மா இருந்தவர் ஒரே மூச்சில் 50 கோரிக்கை அனுப்பலாம், அதன்பின் நொடிக்குப் பத்துதான். கொள்ளளவு என்ற பழைய பொருள் இங்கே முழு உயிரோடு இருக்கிறது.

அந்தப் பொருள் அறவே கழன்ற இடம், அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 சேமிப்பகம். இன்று சென்னையிலோ கோவையிலோ வேலைக்குச் சேரும் புதியவர் பக்கெட் என்ற சொல்லை முதலில் கேட்பது பெரும்பாலும் இங்கேதான். இதில் எத்தனை கோப்புகளையும் போடலாம், மொத்த அளவுக்கு எல்லை இல்லை. எது எந்த பக்கெட்டில் என்பதை விதி தீர்மானிப்பதில்லை, போடுபவர் தீர்மானிக்கிறார். உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கீ உண்டு. சாய்கோடு போட்டு எழுதுவதால் அடுக்கடுக்கான ஃபோல்டர்போலத் தெரிந்தாலும் அது ஒரே நீளமான பெயர்தான். பக்கெட்டின் பெயர் 3 முதல் 63 எழுத்துக்குள், சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். யாருக்கு அனுமதி, எந்த நாட்டுத் தரவு மையம் போன்ற அமைப்புகள் பக்கெட்டோடு ஒட்டியவை. அனுமதியைத் தவறாகத் திறந்து வைத்ததால் பல நாடுகளில் தனிநபர் தகவல்கள் வெளியே கசிந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிதாக உருவாகும் பக்கெட்டுகள் எல்லாம் பொதுப் பார்வைக்கு மூடிய நிலையிலேயே தொடங்குகின்றன. திறக்க வேண்டுமானால் உரிமையாளர் தாமாகவே அதை மாற்ற வேண்டும்.